துன்மார்க்கம்: பாட்டி சொன்ன சொல்லும் பேத்தி புரிந்துகொண்ட பொருளும்

போன ஆண்டு ஒரு சனிக்கிழமை மாலை. சிங்கப்பூரின் யீஷூனில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் உயர்நிலை மூன்றில் படிக்கும் மாணவிக்குத் துணைப்பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கருத்தறிதல் முடிந்தது. அவள் பேனாவை மூடிவைத்தாள். சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "டீச்சர், துன்மார்க்கம்னா பொம்பளைங்க விஷயமா?"

சமையலறையில் அவளுடைய பாட்டி ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தார். சில நாளுக்கு முன் பாட்டி தொலைபேசியில் சின்ன மாமாவைப் பற்றி யாரிடமோ பேசியிருக்கிறார். அதில் "துன்மார்க்கமாப் போயிட்டான்" என்ற ஒரு வரி மட்டும் இவள் காதில் விழுந்திருக்கிறது. கைப்பேசியில் தேடியிருக்கிறாள். 'ஒழுக்கக்கேடான வாழ்க்கை' என்று வந்ததாம். ஒழுக்கக்கேடு என்றால் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஒரே பொருள்தான். அன்றிலிருந்து மாமா வீட்டுக்கு வந்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

"கெட்ட வழின்னு அர்த்தம்மா. எந்தக் கெட்ட வழியா இருந்தாலும் சொல்லலாம்" என்றேன். சரியான பதில்தான், ஆனால் போதாத பதில். வீடு திரும்பும் பேருந்தில் அதே நினைப்பு. ஒரு சொல்லை இப்படிக் குறுக்கிப் புரிந்துகொண்டதால் ஒரு மாமாவுக்கும் மருமகளுக்கும் நடுவில் கதவு மூடிக்கிடக்கிறது. அந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கத்தான் வேண்டும் என்று தோன்றியது.

துன்மார்க்கம் வடமொழி வழி வந்த சொல். துர் என்றால் தீய, மார்க்கம் என்றால் வழி. இரண்டும் சேர்ந்து துர்மார்க்கம். தமிழ் வாயில் அது துன்மார்க்கம் ஆனது. மார்க்கம் என்ற சொல்லுக்குக் காட்டு விலங்கு நடந்துபோன தடம் என்றும் ஒரு பொருள் சமஸ்கிருத அகராதிகளில் உண்டு. புல் மடங்கி, மண் அழுந்தி, பின்னால் வருபவரும் கால் வைக்கத் தோதான ஒரு கோடு. தமிழ்நாட்டில் 'திருச்சி மார்க்கமாகச் செல்லும் ரயில்' என்று இன்றும் அறிவிக்கிறார்கள். நம் ஊரில் ரயிலுக்குப் பாதை, பேருந்துக்கு வழித்தடம் என்று வைத்துக்கொண்டோம்.

ஆனால் சிங்கப்பூரில் மார்க்கம் என்ற சொல் நன்றாகவே உயிரோடு இருக்கிறது. அதைக் காப்பாற்றி வைத்திருப்பவர்கள் தமிழ் முஸ்லிம்கள். அவர்கள் வீட்டில் மார்க்கம் என்றால் இஸ்லாம். மார்க்கக் கல்வி, மார்க்கச் சொற்பொழிவு, பையனுக்குச் சுன்னத்துச் செய்யும் மார்க்கக் கல்யாணம். சைவத்தில் நான்கு மார்க்கங்கள் உண்டு. தாச மார்க்கம், சற்புத்திர மார்க்கம், சக மார்க்கம் என்று படிப்படியாகப் போய் நான்காவதாக வருவது சன்மார்க்கம். வள்ளலார் 1865இல் தொடங்கிய சங்கத்தின் பெயரிலும் சன்மார்க்கம் இருக்கிறது. இப்படி வெவ்வேறு சமயத்துத் தமிழர் வாயிலும் புழங்கும் ஒரு சொல்லுக்கு முன்னால் 'துன்' சேர்ந்தால், நேரான பாதைக்கு எதிரான பாதை என்றுதான் பொருள். எந்த இடத்தில் விலகினான், எதற்காக விலகினான் என்று சொல் எதுவும் சொல்வதில்லை.

வடசொல்லை விட்டுவிட்டுத் தமிழ்ச்சொற்களுக்கு வந்தாலும் இதே கதைதான், எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான். நம் மொழியில் ஒருவரின் குணத்தைப் பற்றிய சொற்களில் பாதிக்குமேல் கால் நடந்த தடம் இருக்கிறது. நடத்தை நடையிலிருந்து வந்தது. நெறி என்றால் பாதை. வழிதவறினான், தடம்புரண்டான் என்கிறோம். ஒழுக்கம் என்ற சொல்லுக்குள் இருப்பது ஒழுகுதல். மழைக்காலத்தில் கூரை ஒழுகுகிறதே, அதே ஒழுகுதல். விடாமல், வரிசையாக, ஒரே போக்கில் போவது. புறநானூற்றின் 173ஆம் பாட்டில் ஒரு காட்சி வரும். பண்ணன் என்பவன் ஊரார்க்கெல்லாம் சோறு போடுகிறான். கையில் சோற்றோடு போகும் பிள்ளைகளின் வரிசை, முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுநிலம் தேடிப் போகும் எறும்புகளின் 'சில்லொழுக்கு' போல இருக்கிறது. அந்த ஒழுக்கு வெறும் வரிசை. அதில் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை.

பழைய இலக்கணத்தில் ஒழுக்கம் அப்படித்தான் நடுநிலையாக நின்றது. காதலர் இருவர் ஊருக்குத் தெரியாமல் சந்தித்தால் அது களவொழுக்கம். மணந்துகொண்டு வாழ்ந்தால் கற்பொழுக்கம். இரண்டும் ஒழுக்கமே. வள்ளுவர் காலத்தில் சொல் நல்ல பக்கம் சாய்ந்துவிட்டது. ஆனாலும் 138ஆம் குறளில் நல்லொழுக்கம், தீயொழுக்கம் என்று அடைமொழி கொடுத்துப் பிரிக்க வேண்டிய தேவை அவருக்கு இருந்திருக்கிறது. துன்மார்க்கத்துக்கு நேர் தமிழ் வேண்டும் என்பவர்கள் அந்தத் தீயொழுக்கத்தையே எடுத்துக்கொள்ளலாம்.

வள்ளுவர் கையாளும் இன்னொரு சொல் இழுக்கம். 'ஒழுக்கத்தின் எய்துவர் மேன்மை இழுக்கத்தின் எய்துவர் எய்தாப் பழி.' இழுக்கம் என்றால் வழுக்குதல். கேள்வி அதிகாரத்தில், 415ஆம் குறளில், அந்த வழுக்கலைக் கண்முன் காட்டுகிறார்:

இழுக்கல் உடையுழி ஊற்றுக்கோல் அற்றே
ஒழுக்க முடையார்வாய்ச் சொல்.

சேறு வழுக்கும் இடத்தில் ஊன்றிக்கொள்ளும் கோல் போன்றது ஒழுக்கம் உள்ளவர் சொல்லும் சொல் என்கிறார். ஈரச் சந்தைத் தரையில் வயதானவர்கள் நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். தேக்கா சந்தையில் மீன்கடை வரிசையில், தண்ணீர் ஓடும் தரையில், ஒரு கையால் கடைப் பலகையைப் பிடித்தபடி அடிமேல் அடி வைத்து வருவார்கள். விழுபவரை அங்கே யாரும் கெட்டவர் என்று சொல்லமாட்டார்கள். தரை வழுக்கலாக இருந்தது, பிடித்துக்கொள்ளக் கோல் இல்லை, அவ்வளவுதான்.

சரி, பாட்டிக்கு துன்மார்க்கம் எங்கிருந்து வந்தது? வேதாகமத்திலிருந்து. அவர் பழைய திருப்புதல் என்ற தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பை வாசித்து வளர்ந்த சீர்திருத்தத் திருச்சபைக்காரர். முதல் சங்கீதத்தின் முதல் வசனமே 'துன்மார்க்கருடைய ஆலோசனையில் நடவாமலும்' என்று வரும். அங்கே எபிரேயச் சொல் கொடியவரை, குற்றவாளியைக் குறிப்பது. ஏழையை ஒடுக்குபவர், பரிதானம் (லஞ்சம்) வாங்குபவர், இரத்தம் சிந்துபவர் எல்லாரும் வேதாகமத் தமிழில் துன்மார்க்கர்கள்தான்.

ஆனால் பாட்டி சொன்ன 'துன்மார்க்கமா' வேறோர் இடத்தைச் சேர்ந்தது. லூக்கா 15ஆம் அதிகாரம், இளைய மகன் கதை. அப்பா உயிரோடு இருக்கும்போதே பாகம் பிரித்து வாங்கிக்கொண்டு தூரதேசம் போகிறான். 'அங்கே துன்மார்க்கமாய் ஜீவனம்பண்ணி, தன் ஆஸ்தியை அழித்துப்போட்டான்' என்கிறது பழைய திருப்புதல். கத்தோலிக்கர்கள் வாசிக்கும் 1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பில் இந்த இடத்தில் 'தாறுமாறாக வாழ்ந்து' என்று இருக்கும். ஓஃபிர் சாலை லூர்து அன்னை ஆலயத்தில் தமிழ்த் திருப்பலிக்குப் போகிறவர் காதில் தாறுமாறு விழும். டோர்செட் சாலைக் கிறிஸ்து ஆலயத்தில் பழைய திருப்புதலோடு வளர்ந்தவர் நாக்கில் துன்மார்க்கம் நிற்கும். இரண்டு கோயிலுக்கும் இடையே நடந்தே போய்விடலாம்.

கிரேக்க மூலத்தில் அங்கே இருப்பது அசோட்டோஸ். 'சோட்சோ' என்ற காப்பாற்றுதலைக் குறிக்கும் வினைக்கு முன்னால் 'அ' என்ற இன்மை சேர்ந்த சொல். காப்பாற்ற முடியாதபடி, மிச்சம் வைக்காதபடி என்று விரித்துக்கொள்ளலாம். கிறிஸ்துவுக்கு மூன்று நூற்றாண்டுக்கும் முன்பே அரிஸ்டாட்டில் தம் அறவியல் நூலின் நான்காம் பகுதியில் இந்தச் சொல்லைப் பற்றி ஒரு குறை சொல்கிறார். காமத்துக்குச் செலவழிக்கிறவர்களையும் அசோட்டோஸ் என்று மக்கள் அழைக்கிறார்கள், அது முறையான வழக்கு அன்று. உடைமையை வீணாக்கித் தன்னையே அழித்துக்கொள்ளும் ஒரு குற்றம் உள்ளவனுக்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும் என்கிறார். என் மாணவிக்கு வந்த குழப்பம் அவ்வளவு பழையது.

இன்னும் கவனிக்க வேண்டியது கதைக்குள்ளேயே இருக்கிறது. கதையைச் சொல்கிறவர் துன்மார்க்கம் என்று மட்டும்தான் சொல்கிறார். அதில் பெண்கள் இல்லை. பெண்களைக் கொண்டுவருபவன் அண்ணன். தம்பி திரும்பி வந்து, வீட்டில் விருந்து நடக்கும்போது, உள்ளே வர மறுத்து வாசலில் நின்றபடி அப்பாவிடம் சொல்கிறான்: 'வேசிகளிடத்தில் உம்முடைய ஆஸ்தியை அழித்துப்போட்ட உம்முடைய குமாரனாகிய இவன்.' அண்ணன் தூரதேசத்துக்குப் போனதே இல்லை. தம்பியோடு அவன் ஒரு வார்த்தை பேசியதாகவும் கதையில் இல்லை. எப்படித் தெரியும் அவனுக்கு? தெரியாது. பொதுவான ஒரு சொல்லை எடுத்து, தன் கோபத்துக்கு ஏற்றபடி படுக்கையறைப் பக்கம் திருப்பிவிட்டான். நம் வீடுகளில் தினமும் நடப்பதுதான் இது.

சின்ன மாமாவின் துன்மார்க்கம் எது என்று பிறகு அந்தப் பெண்ணின் அம்மாவே சொன்னார். சூதாட்டக்கூடம். முதலில் சேமிப்பு போனது, அப்புறம் மனைவியின் நகை, அப்புறம் நண்பர்களிடம் வாங்கிய கடன். சிங்கப்பூரர்கள் சூதாட்டக்கூடத்துக்குள் நுழைய 2019 முதல் ஒரு நாளுக்கு 150 வெள்ளி கட்டவேண்டும். போகவிடாமல் தடுக்கக் குடும்பத்தினரே விலக்கு உத்தரவுக்கு விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது. அந்த வீட்டில் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்தியை அழித்துப்போட்டான் என்ற வரி பாட்டிக்கு மனப்பாடம். தன் மகனுக்கு நடந்ததற்குச் சரியான சொல்லை அவர் அந்த வரியிலிருந்துதான் எடுத்திருக்கிறார். கிரேக்கம் அறிந்த மொழிபெயர்ப்பாளர் கையாண்ட அதே துல்லியத்தோடு ஒரு பாட்டி ரசம் வைத்துக்கொண்டே ஒரு சொல்லைக் கையாண்டிருக்கிறார்.

வள்ளுவரும் இவற்றை ஒரே கட்டாகத்தான் கட்டியிருக்கிறார். வரைவின் மகளிர், கள்ளுண்ணாமை, சூது என்று 92, 93, 94ஆம் அதிகாரங்கள் அடுத்தடுத்து வரும். 920ஆம் குறளில் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லி, இவையெல்லாம் திருமகளால் கைவிடப்பட்டவர்களின் தொடர்பு என்கிறார். இதில் ஒன்றை மட்டும் ஒழுக்கக்கேடு என்று வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் 'பழக்கம்' என்று சொல்லிவிட்டது பிற்காலம்.

அந்தப் பிரிவினையில் மிகவும் அடிபட்டவர்கள் பெண்கள். நடத்தைகெட்டவள் என்று சொல்லிப் பாருங்கள், உடனே ஒரு பொருள் தைக்கும். நடத்தைகெட்டவன் என்று சொல்லுங்கள், காதுக்கே புதிதாக இருக்கும். மாப்பிள்ளை பார்க்கும்போது குடியும் சூதும் உள்ள பையனைப் பற்றி விசாரித்தால் "கொஞ்சம் அப்படி இப்படி இருப்பான், கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்பார்கள். என்னிடம் முன்பு படித்த ஒரு பெண் மருத்துவமனையில் தாதியாக இருக்கிறாள். இரவு வேலை. காலை எட்டு மணிக்குச் சீருடையை மாற்றிவிட்டு வீடு திரும்புவாள். மின்தூக்கிக்குக் காத்திருந்தபோது அண்டைவீட்டு அம்மா ஒருவர் அவள் காதுபட "நடத்தை சரியில்ல" என்று இன்னொருவரிடம் சொல்லியிருக்கிறார். பதினொரு மணிநேரம் நோயாளிகளைப் புரட்டிப்போட்டு, துடைத்து, மருந்து கொடுத்துவிட்டு வந்த பிள்ளை. அதை என்னிடம் சொல்லும்போது அவள் அழவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை.

விபசாரம் என்ற சொல்லையும் இங்கேயே பார்த்துவிடலாம். அதுவும் பாதைச் சொல்தான். சாரம் என்பது சஞ்சாரத்தில் வரும் சாரம், நடமாட்டம். விலகி நடமாடுவது விபசாரம். தருக்க நூல்களில், ஒரு காரணம் தன் முடிவோடு ஒட்டாமல் விலகிப்போனால் அந்தக் குறைக்கு, இதே சொல்லின் வடமொழி வடிவமான வியபிசாரம் என்றுதான் பெயர். பரதம் கற்கும் பிள்ளைகள் வியபிசாரி பாவம் 33 என்று படிக்கிறார்கள். வந்து வந்து போகும் உணர்ச்சிகள். கவலை, களைப்பு, பொறாமை ஆகியவற்றோடு நாணமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பேச்சுத்தமிழில் மட்டும் இந்தச் சொல் ஒரே பொருளில் இறுகிவிட்டது. அதிலும் ஒரு சிக்கல். மணத்துணையை மீறிய உறவையும் விபசாரம் என்கிறோம், பணத்துக்கு உடலைத் தருவதையும் விபசாரம் என்கிறோம். சிங்கப்பூர்ச் சட்டத்தில் இரண்டும் வெவ்வேறு. 1961ஆம் ஆண்டின் மாதர் சாசனத்தில் முன்னது மணவிலக்குக்குக் காட்டக்கூடிய ஒரு காரணம். பின்னதைப் பொறுத்தவரை, அதற்கான விடுதி நடத்துவதும் அந்த வருமானத்தில் பிழைப்பதும் குற்றங்கள். ஆகவே இந்தச் சொல்லை எழுதுகிறவர் எதைச் சொல்கிறார் என்று வாசகருக்குத் தெளிவாக்கிவிட வேண்டும். மணம் கடந்த உறவு, பாலியல் தொழில் என்று பிரித்து எழுதுவது நல்லது. 2024 ஜூலை 1 முதல், முஸ்லிம் அல்லாத தம்பதியர் ஒருவர்மேல் ஒருவர் குற்றம் சாட்டாமல், இருவரும் ஒப்புக்கொண்டே மணவிலக்குக் கேட்கலாம் என்று ஆகியிருக்கிறது. அந்தக் கனமான சொல்லை ஒருவர் தலையில் போடாமலே பிரிய முடிகிறது. எனக்கு அது பெரிய ஆறுதல்.

துன்மார்க்கத்தை எப்படி எழுதுவது என்று என் மாணவர்கள் கேட்டால் நான் சொல்வது ஒன்று உண்டு: எந்த வினையோடு அது சேர்கிறது என்று பாருங்கள். விபசாரம் செய்தான், களவு செய்தான் என்போம். துன்மார்க்கமோ பெரும்பாலும் நடையோடும் வாழ்வோடும்தான் சேரும். துன்மார்க்கத்தில் நடந்தான், துன்மார்க்கமாய் வாழ்ந்தான், துன்மார்க்கத்தில் இறங்கினான். ஒரு நாள் ராத்திரி நடந்த தவறுக்கு இந்தச் சொல் பொருந்தாது. பல நாள் போய்ப் பழகிய தடத்துக்குத்தான் பொருந்தும். பாட்டி 'போயிட்டான்' என்றாரே, மிகச் சரி. நாட்டுப்புற வழக்கில் இதற்கு ஒரு பங்காளிச் சொல் உண்டு, தறிகெட்டுப் போனான் என்று. தறி என்பது மாட்டையோ யானையையோ கட்டும் முளை. அது பிடுங்கிக்கொண்டால் விலங்கு ஓடும். எங்கே என்று அதற்கே தெரியாது.

கெட்டு என்ற இந்தச் சொல்லில் இன்னும் கொஞ்சம் நிற்க வேண்டும். பாட்டியின் சபையில் லூக்கா 15ஆம் அதிகாரக் கதைக்குக் கெட்ட குமாரன் உவமை என்றே பெயர். இன்றைய காதுக்கு அது கெட்டவன் என்று கேட்கிறது. பழைய தமிழில் கெடுதல் என்றால் காணாமல் போவதும்தான். கோவை என்ற வகை அகப்பாடல் நூல்களில் கெடுதி வினாதல் என்று ஒரு துறை இருக்கிறது. தினைப்புனம் காக்கும் பெண்களிடம் தலைவன் வந்து, "என் அம்பு பட்ட யானை இந்தப் பக்கம் வந்ததா? மான் வந்ததா?" என்று விசாரிப்பான். அங்கே கெடுதி என்பது தொலைந்துபோன பொருள். அந்தப் பொருளில் படித்தால் கெட்ட குமாரன் என்பது தொலைந்த பிள்ளை. கதையில் அப்பாவும் அதைத்தான் சொல்கிறார்: காணாமற்போனான், திரும்பவும் காணப்பட்டான் என்று.

இதையெல்லாம் அடுத்த சனிக்கிழமை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அண்ணன் கதையைச் சொன்னபோது அவள் முகம் மாறியது. "அன்னைக்குப் பாட்டி யார்கிட்ட பேசிட்டிருந்தாங்க?" என்று கேட்டேன். பெரிய மாமா வீட்டுக்குத்தானாம். சமையலறையைப் பார்த்து, "பாட்டி, அன்னைக்குப் பெரிய மாமாகிட்ட போன்ல என்ன சொன்னீங்க?" என்று நேராகவே கேட்டுவிட்டாள். பாட்டி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"தெனமும் ராத்திரி கேக்குறதுதான்மா" என்றார். "தம்பி அங்க வந்தானான்னு கேட்டேன்."